கைதட்டக் கூடாத கச்சேரி

வயோலா வாசிக்கிறேன் என்று சொன்னால், "வயலினா?" என்பார்கள். இல்லை, வயோலா என்றால், "ஓ, பெரிய வயலின்" என்பார்கள். அளவு மட்டும் இல்லை, குரலே வேறு என்று விளக்க ஆரம்பித்தால், கேட்டவர் அதற்குள் கைப்பேசியைக் கையில் எடுத்திருப்பார். நானும் ஒரு காலத்தில் பொறுமையாக விளக்கியவள்தான். இப்போதெல்லாம் "ஆமா, பெரிய வயலின்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். வயோலா கற்றுக்கொடுங்கள் என்று இதுவரை ஒரு தாயும் பிள்ளையைக் கூட்டி வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் ஜாகிருக்குக் கிள்ளானில் பிரியாணிக் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று யார் கூப்பிட்டாலும் தேக்சாக்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தேக்சா என்பது ஊருக்கே ஆக்கிப்போடுகிற பெரிய பிரியாணிச் சட்டி. எவ்வளவு வேலை இருந்தாலும் என் கச்சேரி ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மும்முரமாகக் கேட்பார். முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறியதும் கேள்வி வரும்: "அதுல உன் சத்தம் எது ஹலீமா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்பதில்லை. சால்னாவை ஒரு சொட்டு நாக்கில் வைத்து, பட்டை கூடிப்போச்சு என்று சொல்லிவிடுகிற மனுஷன். காதாலும் அப்படிப் பிரித்துவிடலாம் என்று நம்புகிறார். வயலின் மேலே பறக்கிறது, அது தெரிகிறது. செல்லோ கீழே உறுமுகிறது, அதுவும் தெரிகிறது. பியானோவைத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நடுவில் நின்று எல்லாவற்றையும் தாங்கிப்பிடிக்கிற என்னுடையதுதான் அவர் கையில் சிக்குவதே இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பிரியாணியில உப்பு மாதிரிங்க" என்றேன். அவர், "உப்பு இல்லன்னா வாயில வச்சதுமே தெரிஞ்சிரும். உன்னோடது இல்லன்னா?" என்று கேட்டார். ஷா ஆலம் தாண்டும் வரை நான் அவரோடு பேசவில்லை.

ஆகவே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாசிக்கக் கிடைத்த கச்சேரியில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை என் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். நாற்பதைத் தாண்டிய பெண்பிள்ளைக்கு இது ஒரு ஆசையா என்று என் சிநேகிதிகள் திட்டுவார்கள். திட்டட்டும். கச்சேரி செய்கிறவர்கள் எல்லோரும் உலகத்துக்காக வாசிக்கிறோம் என்றுதான் பேட்டியில் சொல்வார்கள். நான் ஒரு பிரியாணிக் கடைக்காரருக்காக வாசிக்கப்போனேன்.

நாங்கள் நால்வர். பியானோ அஃப்ரின். வெளிநாட்டுக் கல்லூரியில் முறையாகப் படித்துவிட்டு வந்தவள், எங்களில் இளையவள், எங்களில் யாருக்கும் இல்லாத ஒழுக்கம் அவளுக்கு உண்டு. வயலின் ரிஷி. பகலில் பல் டாக்டர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பான். செல்லோ தங்கமணி அக்கா. மேருவில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. மைவி காரின் முன்சீட்டில் செல்லோவை உட்காரவைத்து பெல்ட் போட்டு அழைத்து வருவார், புருஷனைப் பின்சீட்டில் போடுவார். செவ்வாய்க்கிழமை தோறும் அஃப்ரின் வீட்டில் ஒத்திகை. பாதி நேரம் வாசிப்போம், மீதி நேரம் வாசித்தவரைத் திட்டுவோம்.

எங்களுக்கு இந்தக் கச்சேரி கிடைத்த கதையே தனி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழர் சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் பரமேஸ்வரன் அங்கிள். அந்த வருடம் சங்கத்துக்கு நாற்பதாவது ஆண்டு விழா. கிள்ளானில் இருக்கும் போட்டிச் சங்கம் தங்கள் விழாவுக்குச் சென்னையிலிருந்து பாடகர் ஒருவரை இறக்கிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலில் இருந்த பரமேஸ்வரன் அங்கிள், ஹோட்டல் கல்யாணம் ஒன்றில் அஃப்ரின் பியானோ வாசிப்பதைப் பார்த்துவிட்டார். "இதான்மா வேணும். யாருக்கும் புரியக் கூடாது, ஆனா ஹைகிளாஸா இருக்கணும்" என்றார். எங்கள் கலையைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை.

என்ன வாசிப்பது என்பதில் சண்டை வந்தது. ரிஷிக்கு அவனுடைய வயலின் மேலேயே சுற்றுகிற ஒன்று வேண்டும். நான் வேறொன்றைச் சொன்னேன். பழைய ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியது, நாலு பகுதி. முதல் பகுதி ஆர்ப்பாட்டம், இரண்டாவது துள்ளல், நாலாவது ஓட்டம். மூன்றாவதுதான் விஷயம். அது மெதுவாகப் போகிற பகுதி. வயோலா தனியாகத் தொடங்கும். பக்கத்தில் யாரும் இல்லை, பியானோகூட இல்லை. மெட்டு முழுவதையும் வயோலா சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். ரிஷி முகத்தைச் சுளித்தான். "இது இல்லன்னா வேற வயோலாக்காரங்கள பாத்துக்குங்க" என்றேன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை, செவ்வாய்க்கிழமை சும்மா வந்து வாசித்துவிட்டு அஃப்ரின் வீட்டு பிஸ்கட்டோடு திருப்திப்படுகிற வயோலாக்காரர் வேறு யாரும் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டான்.

சாப்பாட்டு ஏற்பாட்டையும் பரமேஸ்வரன் அங்கிள் ஜாகிரிடமே கொடுத்துவிட்டார். மண்டபம் மாடியில், சாப்பாட்டுக் கூடம் கீழே, கூடத்துக்குப் பின்னால் திறந்த கொல்லை. அங்கேயே ஆக்கித் தம் போட்டு, கச்சேரியும் நன்றியுரையும் முடிகிற நேரத்துக்குச் சரியாகச் சட்டியைத் திறப்பது என்று ஜாகிர் கணக்குப் போட்டார். தம்மில் இருக்கும் சட்டியை முன்னாலேயே திறந்தால் அரிசி வேகாது, திரும்ப மூடினாலும் பிழைக்காது. அதனால் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த அழகிரியைக் கச்சேரியன்று காவலுக்கு வைத்தார். இராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன், சொன்ன சொல் தட்டாதவன். "நான் வர்ற வரைக்கும் யாரு வந்து கேட்டாலும் தொறக்காத. நம்ம பேரு அதுக்குள்ளதான் வேகுது" என்று ஜாகிர் அவனிடம் சொன்னதை நானே கேட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, புதுச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு மேலே வந்தார். மூன்றாவது பகுதி என்னுடையது என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன். "தனியாவா?" என்று கேட்டார். "தனியா" என்றேன். "அப்ப தப்பவே முடியாது" என்றார். யார் தப்ப முடியாது என்று நான் கேட்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே மேலே களேபரம். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து லோரியில் வந்த வாடகை பியானோவை மேலே ஏற்றுவதற்குள் ஆட்களுக்கு முதுகு விட்டுப்போனது. ஒலிபெருக்கி ஆள் குரு, நாலு வாத்தியத்துக்கும் நாலு மைக் வைத்து, எக்கோவையும் போட்டுவிட்டான். அஃப்ரின் ஒரு சுரத்தைத் தொட்டதும் அது பத்துமலைக் குகைக்குள்ளிருந்து வருவது போலத் திரும்பி வந்தது. "எக்கோ வேணாம் அண்ணே" என்றாள். "எக்கோ இல்லாம எப்படிம்மா? செத்த மாதிரி இருக்கும்" என்றான். கடைசியில் எங்கள் மைக்குகளைப் பிடுங்கிவிட்டான், மனத்தாங்கலோடு.

பிறகு அஃப்ரின் பரமேஸ்வரன் அங்கிளிடம் கைதட்டல் விஷயத்தை எடுத்தாள்.

"அங்கிள், இது நாலு பகுதி. ஒரு பகுதி முடிஞ்சதும் யாரும் கைதட்டக் கூடாது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான்."

"கைதட்டலன்னா பாட்டு முடிஞ்சதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"நாங்க எழுந்து நிப்போம்."

"அப்ப நாலு பாட்டு, கடைசியில தட்டணும்."

"நாலு பாட்டு இல்ல, ஒரே பாட்டு."

"அதான்மா, ஒரே பாட்டு, நாலு" என்று சொல்லிவிட்டு அங்கிள் டத்தோவை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

டத்தோ வந்தால்தான் விழா தொடங்கும். இது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். சங்கத்துக்குப் பட்டம் பெற்ற ஒரு பெரிய மனிதர் புரவலராக இருப்பார், அவர் வரும் வரை குத்துவிளக்கு காத்திருக்கும். இவரும் மற்ற டத்தோக்களைப் போலவே தாமதமாகத்தான் வந்தார். நாதஸ்வரம், மாலை, விளக்கு, வாழ்த்து, வரவேற்புரை எல்லாம் ஆனது. ஜாகிர் இரண்டு தடவை கீழே போய்ச் சட்டிகளின் தீயைக் குறைத்துவிட்டு வந்தார். ஒரு வழியாக நாங்கள் மேடையேறினோம்.

அஃப்ரின் மைக்கைப் பிடித்தாள். வகுப்பறையில் பேசுவது போலப் பேசினாள். நடுவில் கைதட்டுவது இசையின் மூச்சை நிறுத்துவதற்குச் சமம் என்றாள். நாலு பகுதியும் முடிந்து நாங்கள் எழுந்து நிற்கும் வரை அமைதி வேண்டும் என்றாள். கூட்டம் மிரண்டு போய்த் தலையாட்டியது. நம் ஆட்களிடம் கைப்பேசியை அணைக்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். ஆனால் இது ஏதோ கோயில் விதி மாதிரி இருந்ததால் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

முதல் பகுதியை நன்றாகவே வாசித்தோம். ரிஷி தலைமுடியைச் சிலுப்பியது மட்டும் கொஞ்சம் அதிகம். முடித்து வில்லைத் தூக்கினோம். மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. அத்தனை பேரும் கைகளை மடியில் கட்டிப்போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்குழந்தை கையைத் தூக்கியது, அதன் அம்மா பாய்ந்து இரண்டு கையையும் பிடித்துவிட்டாள். அஃப்ரின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வெளிநாட்டில்கூட இப்படி ஒரு சபை கிடைத்திருக்காது அவளுக்கு.

ஆனால் மேடையோரம் நின்ற பரமேஸ்வரன் அங்கிள் அந்த அமைதியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அஃப்ரின் பேசும்போது அவர் வாசலில் டத்தோவின் டிரைவருக்குக் கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். காலையில் அவள் சொன்னதும் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிருந்தது. நாற்பது வருடம் விழா நடத்தியவர். கைதட்டல் இல்லாத கூட்டத்தை அவர் இரங்கல் கூட்டத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். சனங்களுக்குப் பிடிக்கவில்லை, டத்தோ முன்னால் மானம் போகிறது என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டாம் பகுதி போய்க்கொண்டிருக்கும்போதே அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, யாரையோ விரல்நுனியில் கூப்பிட்டு, ஒரு தட்டைக் கொண்டுவரச் சொன்னதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்தத் தட்டில் பொன்னாடைகள்.

இரண்டாம் பகுதி முடிந்தது. மறுபடி அதே சாவு அமைதி. நான் கண்ணை மூடி, வயோலாவைத் தோளில் சரிசெய்து, என் மெட்டின் முதல் சுரத்தை மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் என் முன்னால் பரமேஸ்வரன் அங்கிள் நிற்கிறார், மைக்கோடு.

"அருமை, அருமை. இத்துடன் நம் கலைஞர்களுக்கு டத்தோ அவர்கள் பொன்னாடை போர்த்திச் சிறப்பு செய்வார்கள்."

அஃப்ரின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் டத்தோ மேலே வந்துவிட்டார். பொன்னாடை போர்த்த வருகிறவரை வேண்டாம் என்று சொல்லும் வழி எங்களில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. அஃப்ரினின் தலைமேல் விழுந்தது ஒன்று. ரிஷி எழுந்து, கேமரா எங்கே என்று பார்த்துத் திரும்பி நின்று வாங்கிக்கொண்டான். எனக்குப் போர்த்தியது வழுக்கி வயோலாவின் தந்திகளை மூடியது. தங்கமணி அக்கா எழ முடியாமல் செல்லோவைக் கட்டிக்கொண்டிருந்ததால் டத்தோ செல்லோவுக்கும் சேர்த்தே போர்த்திவிட்டார். அடக்கிவைத்திருந்த கைதட்டல் அத்தனையும் அப்போதுதான் வெடித்தது. இசைக்குத்தானே தடை, பொன்னாடைக்கு இல்லையே. மண்டபம் அதிர்ந்தது. பரமேஸ்வரன் அங்கிள் போன உயிர் திரும்பி வந்தவராக நின்றார்.

டத்தோ பேசினார். இசைக்கு மொழி தேவையில்லை என்றவர், அதை நிறைய மொழியில் சொன்னார். பந்திங்கில் இன்னொரு விழா இருப்பதால் புறப்படுவதாகவும் சொன்னார். "டத்தோ சாப்பிடாம போனா நம்ம சங்கத்துக்கு மரியாதை இல்ல" என்று அங்கிள் மைக்கிலேயே மறித்தார். டத்தோ படியிறங்கினார். அவர் எழுந்தால் சபை எழும், அதுவும் எழுதாத சட்டம்தான். முன்வரிசை எழுந்தது, பின்னால் எல்லா வரிசையும் எழுந்தது. "மீதி ரெண்டு பாட்டையும் நீங்க பாட்டுக்கு வாசிங்கம்மா, சாப்புட்டு வந்துருவாங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அங்கிளும் ஓடினார். சாப்பிட்டுவிட்டு மாடியேறி வந்த தமிழன் எவனையும் நான் என் ஆயுசில் பார்த்ததில்லை.

மூன்றாவது வரிசையில் ஜாகிரும் பாதி எழுந்திருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கீழே சட்டிகள் இன்னும் தம்மில். அழகிரி ஒற்றை ஆள். கூட்டம் மொத்தமும் டத்தோவோடு அங்கே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போங்க, பேர் போயிரும் என்று ஒரு மனசு சொன்னது. போனீங்கன்னா தொலைச்சிருவேன் என்று இன்னொரு மனசு சொன்னது. எந்த மனசு என் முகத்தில் தெரிந்ததோ, அவர் உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தில் மிச்சமிருந்தவர்களை எண்ணிவிடலாம். குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா, காது கேட்காத தாத்தா ஒருவர், மனத்தாங்கல் தீராத குரு, இன்னும் இரண்டு மூன்று பேர், ஜாகிர். "போதும் ஆன்ட்டி, இறங்கிரலாம்" என்றாள் அஃப்ரின். அவள் கண் கலங்கியிருந்தது. ரிஷி வயலினைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பொன்னாடையை எடுத்துத் தரையில் போட்டேன். மூன்றாம் பகுதி என்னிடமிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. வில்லை வைத்து இழுத்தேன்.

இரண்டு மூன்று வரிதான் வந்திருக்கும். மேலே இருந்த ஒலிபெருக்கியில் பரமேஸ்வரன் அங்கிளின் குரல் வெடித்தது. கீழே பேசினாலும் மேலேயும் கேட்கும்படி குரு இணைப்பு கொடுத்திருந்தான்.

"பிரியாணி கடை ஜாகிர் பாய். ஜாகிர் பாய் எங்கிருந்தாலும் உடனடியாகக் கீழே வரவும். டத்தோ காத்துக்கொண்டிருக்கிறார்."

வில் ஆடிவிட்டது. நிறுத்தவில்லை. குரு பாய்ந்து போய் எதையோ திருகினான், தப்பான பொத்தான் போல, அடுத்த அழைப்பு எக்கோவோடு வந்தது. "ஜாகிர் பாய், ஜாகிர் பாய், எங்கிருந்தாலும், எங்கிருந்தாலும்." ஜாகிரின் சட்டைப்பையில் கைப்பேசி வெளிச்சம் அடித்து அடித்து அணைந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்காமலே அணைத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் வாசித்தேன். எங்கேயோ செல்லோ வந்து சேர்ந்தது, பிறகு வயலின், பிறகு பியானோ. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. நாலாவது பகுதியை, கடையடைக்கும் நேரத்துக் கடைக்காரர்களைப் போல, விரட்டி வாசித்து முடித்தோம். எழுந்து நின்றோம். தாத்தா மட்டும் பலமாகக் கைதட்டினார்.

நான் வயோலாவைப் பெட்டியில் வைப்பதற்குள் ஜாகிர் காணாமல் போயிருந்தார்.

கீழே இறங்கியபோது நடந்தது முடிந்திருந்தது. அழகிரி இடுப்பில் கைவைத்துச் சட்டியை மறித்து நின்றிருக்கிறான். பரமேஸ்வரன் அங்கிளே கரண்டியால் மூடியை நெம்பித் திறந்திருக்கிறார். மேலே பொங்கிய அரிசி பாதி வேகாமல் பல்லில் கடிபட்டது. டத்தோ இரண்டு கரண்டி எடுத்துவிட்டு, பந்திங்குக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். தட்டோடு நின்றவர்கள் தட்டைப் படம்பிடித்தார்கள். ஜாகிர் பிரியாணி வேகவில்லை என்ற செய்தி எங்கள் வேன் கிள்ளான் போய்ச் சேர்வதற்கு முன்னால் போய்ச் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற இரண்டு சட்டியும் பிறகு பூப்போல வெந்து திறந்தன. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது, அதைத் தின்ன ஆள் இல்லை. தங்கமணி அக்காவும் அவர் புருஷனும்தான் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள்.

"எங்க பாய் போயிட்டீங்க?" என்று அங்கிள் ஜாகிரைப் பிடித்துக்கொண்டார். "எத்தன தடவ கூப்புட்டேன்."

"மேலதான் இருந்தேன்."

"மேல உங்களுக்கு என்ன வேல?"

"கச்சேரி, பாஸ்."

"கச்சேரியா?" என்று கேட்டார் அங்கிள். தானே ஏற்பாடு செய்தது என்பது மறந்தே போயிருந்தது அவருக்கு. என் பெண்டாட்டி வாசித்தாள், அதனால் இருந்தேன் என்று ஜாகிர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டிருந்த அழகிரியின் முதுகில் தட்டி, "உன் மேல தப்பில்ல, போய்ச் சாப்புடு" என்றார். திறந்த சட்டியைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நானும் பின்னால் போனேன். கச்சேரிக்கென்று தைத்த கறுப்பு பாஜூ கூரோங் அங்கியின் கையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அவருக்கு எதிரே குந்தி, சட்டியின் இன்னொரு பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் எதையும் கேட்பதாக இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டீங்களா?"

"எத?"

"எதயா? நான் வாசிச்சத."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "பொய் சொல்லி என்ன ஆவப்போவுது ஹலீமா. நீ ஆரம்பிச்சது தெரியும். அப்புறம் மைக்குல பேரச் சொன்னான்ல, அதோட காது அடைச்சிருச்சு. ஒண்ணும் உள்ள ஏறல."

கையிலிருந்த நாரை அவர்மேல் எறியாமல் இருந்தது என் வளர்ப்பின் புண்ணியம். "அப்ப எதுக்கு அங்க உக்காந்திருந்தீங்க? கீழ எறங்கிச் சட்டியவாவது காப்பாத்தியிருக்கலாம்ல. இப்ப இதுவும் போச்சு, அதுவும் போச்சு."

"எந்திரிச்சா நீ நிறுத்திருவன்னு பட்டுச்சு" என்றார். "அதான், அசையாம உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் சொன்னது நிஜம். அந்தக் குரல் ஒலிபெருக்கியில் வந்ததிலிருந்து நான் மெட்டை எங்கே பார்த்தேன், மூன்றாவது வரிசையைத்தான் பார்த்தேன். அவர் எழுந்திருந்தால் அந்த நிமிஷமே வில்லைக் கீழே வைத்திருப்பேன். அவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று நான் வாசித்தேன், நான் நிறுத்திவிடக் கூடாதே என்று அவர் உட்கார்ந்திருந்தார். அந்த மெட்டு எப்படி வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இத்தனை மாதம் சண்டை போட்டு வாங்கிய மெட்டு. அழுகை வந்தது, அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கல்யாணத்தன்றுகூட இப்படிப் பிடித்ததில்லை.

"அப்ப அதை யாருதாங்க கேட்டா?"

"அந்தப் புள்ள தூங்கிருச்சு பாத்தியா, அது கேட்டிருக்கும்" என்றார். சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டார். "அடுத்தது எப்ப?"

"ரெண்டு மாசம் கழிச்சு, பெட்டாலிங் ஜெயாவுல. ஆசப்படாதீங்க, அதுல எனக்குத் தனியா ஒரு வரிகூட இல்ல. முழுக்க ரிஷிதான்."

"பரவால்ல லா" என்றார் ஜாகிர். "அன்னைக்குச் சட்டிய கடையிலயே வச்சிட்டு வரேன்."